பந்திக்கும் படைக்கும் ஒரே வாசல்

சாஸ்கட்டூனில் மூன்று நாள் பனிப்புயல்.
பல்கலைக்கழகம் மூடல் என்று குறுஞ்செய்தி வந்தபோது
நான் மைனஸ் முப்பத்தாறில்
கார்க் கதவின் பூட்டை
மூச்சால் ஊதிக்கொண்டிருந்தேன்.
ஆய்வுக்கூடத்தில்
முப்பத்தேழு பாகை வெதுவெதுப்பில்
ஒரு குடுவை ஆடிக்கொண்டிருந்தது,
ஆள் இல்லாத தொட்டில்போல.

அதற்கு முதல் நாளே இரை தீர்ந்திருந்தது.
தீரட்டும் என்றுதான் விட்டிருந்தேன்.
பசித்து நின்ற பாக்டீரியாவின் மேல்
பைப்பெட் நுனியால் வைரஸைச் சொட்டிவிட்டு
இரண்டு மணி நேரத்தில் வந்து எண்ணுவதாகத் திட்டம்.
பனிக்கு அது தெரியாது.

போன மாதம் வேறொரு வைரஸ், வேறொரு கதை.
இரண்டு தட்டுகள் வைத்தேன்.
ஒன்றில் குளுக்கோஸ் தின்று வளர்ந்தவை,
மற்றதில் மால்டோஸ்.
மால்டோஸ் உள்ளே வர வேண்டுமானால்
சுவரில் தனி வாசல் வைக்க வேண்டும்;
வைத்தன, ஆயிரக்கணக்கில்.
அந்த வாசல் நிலையில்தான்
வைரஸ் கால் ஊன்றும்.
மறுநாள் குளுக்கோஸ் தட்டில்
அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் துளை.
மால்டோஸ் தட்டு
கறையான் தின்ற வேட்டி.

பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்பார்கள்.
இலை போட்ட இடத்திலேயே
படையும் இறங்கினால்
எதற்கு முந்துவது?

திங்கட்கிழமை சாலை திறந்தது.
ஓடிப்போய்ப் பார்த்தேன்:
குடுவை கலங்கலாகவே இருந்தது.
எங்கள் தொழிலில் கலங்கல்தான் உயிர்.
தெளிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

நீரில் வைரஸைத் தேடினேன். ஏறக்குறைய இல்லை.
பின் எங்கே?
உள்ளேதான்.
ஒவ்வொரு உடலுக்குள்ளும்
விளக்கேற்றாமல்
செருப்பைக் கழற்றாமல்
உட்கார்ந்திருந்தன.
கொள்ளையடிக்க வந்தவனுக்கும்
அடுப்பில் நெருப்பு வேண்டும், பானையில் அரிசி வேண்டும்.
இங்கே இரண்டும் இல்லை.
வீட்டுக்காரனும் பட்டினி, வந்தவனும் பட்டினி,
நான்கு நாளாக ஒருவரை ஒருவர்
பார்த்துக்கொண்டே.

அந்த நான்கு நாளும் நான்
பருப்பும் ரொட்டியும்
பக்கத்து வீட்டு ஹெய்டி தந்த பீட்ரூட் சூப்புமாக
நன்றாகவே சாப்பிட்டேன்.
ஒரு குடுவைக்காக வெட்கப்படுவேன் என்று
நினைத்திருக்கவில்லை.

பத்து நாற்பதுக்குச் சத்துக்குழம்பு ஊற்றினேன்.
வெதுவெதுப்பானது, தேன்நிறம், ஈஸ்ட் வாசனை.
பரிசோதனைக்காகத்தான் ஊற்றினேன்.
பாவம் பார்த்தும்தான்.
அளவுமானி காட்டியது:
ஒன்று புள்ளி ஒன்று.
ஒன்று புள்ளி இரண்டு. தின்கின்றன, தின்கின்றன.
ஒன்று புள்ளி இரண்டு.
புள்ளி எட்டு.
புள்ளி மூன்று.

மேலே நுரை கட்டியது.
கண்ணாடிக் குச்சியை விட்டெடுத்தால்
வெடித்தவற்றின் மரபிழை
நூல்நூலாய் ஒட்டிக்கொண்டு வந்தது.
அடியில் வைத்த நோட்டின் கட்டங்கள்
குடுவை வழியே தெரிந்தன,
பல் தேய்க்கும் குழாய்த் தண்ணீர்போல
அவ்வளவு தெளிவு.

"அருமையான முடிவு" என்றாள் ஒக்சானா,
தோளுக்குப் பின்னாலிருந்து.
அருமைதான்.
பதிவேட்டில் எழுதினேன்:
உணவு கொடுத்த நேரம் இது,
தெளிந்த நேரம் இது.
காரணம் என்ற கட்டத்தில்
வைரஸ் என்று எழுதினேன்.
பேனாவை மூடவில்லை சற்று நேரம்.

குடுவையைக் கழுவ மறந்துவிட்டேன்,
அல்லது மறந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.
செவ்வாய் காலை
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால்
அடியில் புகைபோல மெல்லிய கலங்கல்.
கோடியில் ஒன்று,
வைரஸ் கால் வைக்கும் அந்த இடத்தையே
சுவரில் அடைத்துவிட்டுப் பிறந்த ஏதோ ஒன்று,
பெருகிக்கொண்டிருக்கிறது
செத்தவற்றின் மிச்சத்தைத்
தின்று,
மிக மெதுவாக.